பொன்னுருக்கலுக்கு வந்த பவுசர்

பொத்தான் ஒன்றைக் கண்டால், அழுத்தினால் என்ன நடக்கும் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. சின்ன வயதில் இந்தக் குணத்தால் வீட்டு ரேடியோ செத்தது. அரச உத்தியோகத்தன் ஆன பிறகு என் கலியாணமே சாகப் பார்த்தது.

அப்போது வலிகாமத்தில் ஒரு பிரதேச சபையில் வேலை செய்தேன். மலசலக்குழி நிறைந்தால் சனம் சபைக்கு வந்து, கழிவை உறிஞ்சும் பவுசர் வண்டிக்குப் பதிய வேண்டும். அதைக் கணினியில் பதிய மென்பொருள் வாங்கும் யோசனை வந்தது. கொழும்புக் கம்பனி ஒன்று சொன்ன விலையைக் கேட்டு, செயலாளர் மிஸ் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே கீழே வைத்துவிட்டார். விசாரித்தால், பக்கத்து வடமராட்சியில் ஒரு சபையிடம் அதே மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. அங்கேயும் இதே குழி, இதே பவுசர், இதே சனத்தின் காசு. பிறகேன் ஒவ்வொரு சபையும் தனித்தனியாக வாங்குகிறது? (இன்றைக்கும் எனக்கு அது விளங்கவில்லை. கேட்டால் "சுற்றறிக்கை" என்கிறார்கள்.)

"ஏன் மிஸ் வாங்குவான்? கேட்டு எடுப்பம்," என்றேன், மார் தட்டாத குறையாக.

அந்தச் சபையில் கணினி வேலை பார்த்த ரமணனுக்குப் போன் எடுத்தேன். "அரசாங்கச் சாமான்தானே அண்ணை, நீங்களும் பாவியுங்கோ," என்று கடவுச்சொல்லை அனுப்பிவிட்டான். எங்களுக்கென்று பிரித்துத் தந்த வெறும் பிரதி என்று நான் நினைத்தேன். அவன் தந்ததோ, அன்றாடம் ஓடிக்கொண்டிருந்த அவர்களுடைய மென்பொருளைத் திறக்கிற திறப்பு. நான் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை.

உடனே பரீட்சித்துப் பார்த்தேன். பெயர் என்னுடையது, விலாசம் அச்சுவேலியில் என் வீடு. திகதி கேட்டது. அந்த மாதம் முழுக்க என் மண்டைக்குள் இருந்த ஒரே திகதி, கலியாணத்துக்கு முன் வரும் என் பொன்னுருக்கல் நாள். அதையே போட்டேன். "அயற்சபைக்கு உதவி" என்றொரு பொத்தான். அழுத்தினேன். "மிக அவசரம்" என்று இன்னொன்று. விடுவேனா? குறிப்பு எழுதும் இடத்தில் எவ்வளவு எழுத விடுகிறது என்று பார்க்க, கற்பனையையும் கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன். பிறகு கலியாண அலுவல்களில் அதை மறந்தே போனேன்.

பொன்னுருக்கல் எங்கள் வீட்டில். தாலிக்கான பொன்னை ஆசாரியார் எல்லோர் நடுவிலும் உருக்க, பெண் வீட்டார் சுற்றி இருந்தார்கள். பெண் மேகலா வரவில்லை, அதுதான் முறை. அவளுடைய பெரியப்பா வந்திருந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் ஓம் என்றால்தான் எதுவும் நடக்கும். பொன் இளகத் தொடங்கிய நேரம், வாசல் படலையடியில் ஒரு பெரிய பவுசர் பின்பக்கமாக வந்து நின்றது. சாரதி போனும் கையுமாகக் குதித்து இறங்கினான்.

"குழி எங்கை அண்ணை? 'பொங்கி முற்றமெல்லாம் ஓடுது, மணத்திலை சனம் மயங்கி விழுகுது, கெதியா வாங்கோ' எண்டு போட்டிருக்கிறியள்?"

வந்திருந்தவர்கள் எல்லோரும் குனிந்து முற்றத்தைப் பார்த்தார்கள். மாமிமார் சிலர் சேலையைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"தம்பி, உதென்ன?" என்றார் பெரியப்பா.

"அது... ஒரு பரீட்சை, மாமா."

"பொன்னுருக்கிற நாளிலையோ பரீட்சை?" அவர் மேகலாவின் அப்பா பக்கம் திரும்பினார். "எனக்கு உது சரியாப் படேல்லை. கலியாண நாளை மாத்துவம்."

எங்கள் பக்கத்தில் கலியாண நாளை மாற்றுவது என்றால் பாதி ஆளை மாற்றியது மாதிரி. மேகலாவை இழக்கப் போகிறேன், அதுவும் ஒரு மலசலக்குழியால்! நடந்ததெல்லாவற்றையும், மென்பொருளைப் பகிர்ந்த கதை உட்பட, மூச்சு விடாமல் சொன்னேன்.

பெரியப்பா படலைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப, அவையின்ரை பவுசரை எங்கடை சனமும் பதியலாமோ?" என்று கேட்டார்.

"ஓம், மாமா."

"காசு கூடவோ?"

"இல்லை, அதே காசுதான்."

பவுசரை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். குழாயின் நீளத்தை விசாரித்தார். பிறகு சாரதியின் காதருகே போய், "இஞ்சை தேவையில்லை எண்டால் வெறுமையாத்தானே திரும்பப் போறியள்?" என்றார்.

பிறகுதான் தெரிந்தது. எங்கள் சபையின் பவுசர் பழுதாகிக் கிடந்ததால், அவர் வீட்டுக் குழி வாரக்கணக்காக நிறைந்து கிடந்திருக்கிறது. மானம் பார்த்து ஒருவருக்கும் சொல்லவில்லை. உருக்கிய பொன்னைப் பார்த்து, பலகாரத்தை அவசரமாக வாயில் போட்டு, பட்டு வேட்டியோடு சாரதிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "நாள் ஒண்டும் மாத்த வேண்டாம்!" என்று ஜன்னலால் கத்தினார்.

இப்போது அந்த மென்பொருளை இரண்டு சபைகளும் முறைப்படி பகிர்கின்றன. பரீட்சைக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். (எனக்காகத்தான்.)

பொன்னுருக்கலன்று படப்பிடிப்பாளர் மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். எங்கள் கலியாண அல்பத்தின் முதல் படத்தில் நான் கும்பிட்டபடி நிற்கிறேன், எனக்குப் பின்னால் முழு நீளத்துக்கு அந்தப் பவுசர். வீட்டுக்கு யார் வந்தாலும் மேகலா அதைத்தான் முதலில் காட்டுவாள்.

"முன்னுக்கு நிக்கிறவர் என்ரை மனுசன். பின்னுக்கு நிக்கிறது மாப்பிளைத் தோழன்."