வெடி விற்று, வெடிக்க விடாதவர்

வெடி விற்றுப் பிழைத்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். வெடியை விற்றுவிட்டு, அதை வெடிக்கவும் விடாமல் பிழைக்கிறவர் எங்கள் மலைநாட்டு ஹட்டன் பெர்மிட் அண்ணன் ஒருவர்தான்.

அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். பஸாரில் யாருக்கும் தெரியாது. வருடத்தில் முக்கால்வாசி நாள் குடை திருத்துவார். எங்கள் ஊர் மழைக்கு அது நல்ல தொழில்தான். தீபாவளி நெருங்கினால் குடைக் கம்பிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சீனவெடி விற்க அனுமதி வாங்கக் கிளம்பிவிடுவார். பொலிஸில் ஒரு கையெழுத்து, நகரசபையில் ஒரு கையெழுத்து, அதற்கும் மேலே ஒன்று. மற்ற வியாபாரிகள் தலையெழுத்தே என்று அலைவார்கள். இவரோ கோயிலுக்கு மாலை போட்டவர் மாதிரி, குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு போவார். கிடைத்த பெர்மிட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டினாரென்றால், தீபாவளி முடிந்தும் பல நாள் இறங்காது.

அடுப்புக்குப் பக்கத்தில் வெடி வைக்கக் கூடாது என்பது விதி. ஒரு வருடம் இவருடைய மேசைக்குப் பக்கத்தில் வடைக் கடை அமைந்துவிட்டது.

"அண்ணே, தீவாளி முடியிற வரைக்கும் அடுப்ப அணைச்சு வைங்க."

"அப்ப வடைய வெயில்ல காயப் போடவா?" என்றார் வடைக்காரர்.

ஹட்டனில் வெயிலாவது! பெர்மிட் அண்ணன் கோபித்துக்கொண்டு மேசையைத் தள்ளிப் போட்டார். அங்கே தேத்தண்ணிக் கடை. இன்னும் தள்ளினார். அங்கே இஸ்திரிக்காரர் கரி ஊதிக்கொண்டிருந்தார். கடைசியில் மேசை மீன் கடைகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. கொட்டுகிற மழையில், தீயணைக்க இரண்டு பக்கமும் தண்ணீர் வாளி வைத்து, குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மீனைத் தேடி வந்த பூனைகள்தான் அந்த வருடம் அவருக்கு வாடிக்கை.

தப்பித்தவறி யாராவது வாங்க வந்தாலும் விசாரணை முடியாமல் சரக்கு கைக்கு வராது. எங்கே கொளுத்துவீங்க, கூரை தகரமா ஓலையா, வீட்டில் கைக்குழந்தை உண்டா, பக்கத்து லய வரிசை வீடுகளில் மாடு கட்டியிருக்கிறதா? ஒரு நாள் சாதாரண உடுப்பில் பொலிஸ் பெரியவர் ஒருவரே பிள்ளைகளுக்கு மத்தாப்பு வாங்க வந்தார். சிங்களத்தில் விசாரணை நடந்தது. எங்கே கொளுத்துவீர்கள் என்று கேட்டார் இவர். குவார்ட்டர்ஸில் என்றார் அவர். பக்கத்தில் என்ன இருக்கிறது? பொலிஸ் நிலையம். "அப்படியானால் பொலிஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வாருங்கள் சேர்" என்று மத்தாப்பைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்ததால் எங்கள் அண்ணன் பிழைத்தார்.

இதெல்லாம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, ஒரு தீபாவளிக்கு அடுத்த வாரம் நடந்த என் தங்கையின் கல்யாணம் வரைக்கும்.

மாப்பிள்ளை வீடு டயகம. அவர்கள் சீர்வரிசை என்று எதையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: மாப்பிள்ளை வேனை விட்டு இறங்கும்போது வெடி வெடிக்க வேண்டும், அது அவர்கள் குடும்ப வழக்கம். நான் பெர்மிட் அண்ணனிடம் நீளமான சரமாக ஒன்று வாங்கினேன். அவர் சொன்னபடி பொலிஸுக்குப் போய், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் முற்றத்தில் வெடிக்க அனுமதியும் வாங்கினேன். அதோடு விடுவாரா? கல்யாணத்தன்று காலையில் இடத்தைப் பார்வையிடக் குடையும் கையுமாக வந்து நின்றார்.

நாங்களெல்லாம் வாழை கட்டுவதில் மும்முரமாக இருந்தோம். அவர் மட்டும் அண்ணாந்து பார்த்தார். கோயிலுக்கு முன்னால் நிற்கும் பெரிய மரத்தில், பனிமூட்டத்துக்குள்ளே, பானை பருமனில் ஒரு குளவிக்கூடு.

மறு பேச்சில்லை. சரத்தைத் தூக்கினார். சமையல்காரரின் தண்ணீர் அண்டாவில் முக்கினார்.

"அண்ணே! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"கொழுந்தெடுக்கப் போன பொம்பளைங்கள கொளவி கொட்டுனா நீங்கதானே தூக்கிக்கிட்டு ஓடுறீங்க? இன்னைக்கு இந்தச் சத்தத்துக்கும் பொகைக்கும் அது எறங்கி வந்தா, யார யார் தூக்குறது?"

என் அம்மாவையே ஒரு தடவை அப்படித்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆனாலும் ஆத்திரம் தாங்கவில்லை. கீழே ரோட்டு வளைவில் கொண்டுபோய் வெடித்திருக்கலாமே என்றேன்.

"பெர்மிட்டுல கோயில் முத்தம்னுதான் இருக்கு தம்பி. வளைவுன்னு இல்ல."

அவரையும் அண்டாவில் முக்கியிருப்பேன். அதற்குள் வேன் வந்துவிட்டது. அதை வளைவிலேயே நிறுத்தச் சொல்லி, மேளக்காரர்களையும் வாசிக்காமல் நிற்க வைத்தோம். குளவி விஷயத்தை எடுத்துச் சொன்னோம். மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டால்தானே?

"வெடி இல்லாம எங்க வீட்டு மாப்பிள்ள கால கீழ வைக்க மாட்டாரு. வேன திருப்புப்பா!"

மாப்பிள்ளை பாவம், பெரியப்பாவை எதிர்த்துப் பேசத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. மேலே கோயிலில் தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னார்.

அப்போதுதான் பெர்மிட் அண்ணன் குடையை மடக்கி என் கையில் கொடுத்தார். கழுத்திலிருந்த பெர்மிட்டை நேராக்கிக்கொண்டார். வேன் கதவுக்கு முன்னால் போய் நின்று, கும்பிட்டு, வாயைத் திறந்தார்.

"பட் பட் பட படபடபடபடபட..."

கன்னம் உப்ப, கண் பிதுங்க, சரம் பற்றிக்கொண்டு ஓடுவது போலவே அங்குமிங்கும் குதித்தார். இடையில் இரண்டு வெடி நமுத்துப்போய் 'புஸ்' என்றது. அதையும் விடவில்லை மனுஷன். கடைசியில் "டமார்!" என்று ஒரு துள்ளல். வேனுக்குள் முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். சிரித்தபடியே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பெரியப்பா மட்டும் முறைப்பாகக் கேட்டார்.

"இதுக்கெல்லாம் பெர்மிட் இருக்கா?"

"வாயால வெடிக்கிறதுக்குச் சட்டத்துல எடமே இல்லீங்க. நல்லாத் தேடிப் பாத்துட்டேன்."

பெரியப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாலி நேரத்துக்கு ஏறியது. கூட்டுக் குளவி ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து தீபாவளிக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தால், பெர்மிட் அண்ணன் வந்து வாயாலே ஒரு சரம் வெடிக்காமல் எங்களுக்குப் பண்டிகை இல்லை. போன தீபாவளிக்கும் வந்தார். நெஞ்சுச் சளி, சத்தமாகப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேண்டாம் அண்ணே என்று தங்கை கெஞ்சினாள். கேட்கவில்லை. ஆரம்பித்தார். பாதிச் சரத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டார்.

எங்கள் மாப்பிள்ளை எழுந்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத மனிதர், அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "படபடபடபட..." என்று மீதிச் சரத்தைத் தொடர்ந்தார். கொஞ்சமும் சரியில்லாத வெடி. 'டமார்' மட்டும் நன்றாக விழுந்தது.

பெர்மிட் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, எடத்த நல்லாப் பாத்துக்கிட்டுத்தானே வெடிச்சீங்க?"

"நீங்க நிக்கிற எடம்தானே அண்ணே" என்றார் மாப்பிள்ளை. "இங்க என்ன பயம்?"