இறங்கட்டும், பார்க்கலாம்

பெருந்தொற்றுக் காலத்தில் புதிதாகப் பரவியது கிருமி மட்டும்தான் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. ‘இறங்கட்டும்காரர்’ என்றொரு ஜீவனும் அப்போதுதான் பல்கிப் பெருகியது. பாதி கட்டிய வீட்டுக்கு முன்னால், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, தூண்களுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பிகளை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். மாதிரிக்கு ஒருவர் வேண்டுமென்றால் எங்கும் தேட வேண்டாம். அடியேன் இருக்கிறேன்.

எங்கள் கொள்கை எளியது. ஏறிய விலை இறங்கியே தீரும். ஆலை மூடிக் கிடந்ததால் கம்பி ஏறி, லாரி ஓடாததால் மணல் ஏறி, கப்பல் நடுக்கடலில் நின்றதால் குழாயும் ஒயரும் ஏறி, ஊருக்குப் போன கொத்தனார்களில் பாதிப் பேர் திரும்பாததால் திரும்பியவர்களின் கூலியும் ஏறி, இதையெல்லாம் பார்த்து எனக்கு ரத்த அழுத்தம் ஏறியபோதுகூட நான் அசையவில்லை. மாத்திரை வாங்கினேன். கம்பி வாங்கவில்லை.

“சார், சுவர் எழும்பிடுச்சு. கம்பி வந்தா தளம் போட்டுடலாம்,” என்றார் மேஸ்திரி.

“இந்த விலைக்கா? அடுத்த மாசம் பாருங்க, தொப்புனு விழும்.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க.”

“அது இந்த மாசத்துக்குச் சொன்னது. இது அடுத்த மாசத்துக்கு.”

மேஸ்திரிக்கு என்மேல் வருத்தமே கிடையாது. நான் வேலையை நிறுத்தும்போதெல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவார். திரும்பக் கூப்பிட்டால் கூலியைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லிவிட்டு வருவார். பழைய கூலிக்கு வர அவருக்கு என்ன தலையெழுத்தா?

இறங்கட்டும்காரருக்குத் தெரியாத பொருளாதாரம் இல்லை. எந்தத் துறைமுகத்தில் எத்தனை கப்பல் வரிசையில் நிற்கிறது, எந்தக் கண்டத்தில் இரும்புத் தாது வெட்டுவது நின்றுபோயிற்று, எல்லாம் விரல் நுனியில். பல் விளக்குவதற்கு முன்பே போனில் கம்பி விலை பார்த்துவிடுவார். தன் வீட்டுக்குள் நடப்பது மட்டும் கண்ணில் படாது.

என் வீட்டுக்குள் நடந்தது இதுதான். நாங்கள் இருந்தது வாடகை மாடியில். கீழே குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரரின் மகனுக்கு இனி வீட்டிலிருந்தே வேலையாம், குடும்பத்தோடு வருகிறானாம், மாடி வேண்டுமாம். மழைக்கு முன்னால் காலி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

“என்னங்க, தளம் போடாம நாம எங்க போறது?” என்றாள் என் மனைவி. “பிள்ளைங்கள கூட்டிட்டுப் போய் அந்த நாலு சுவருக்கு நடுவுல குடை பிடிச்சுட்டு உக்காரவா?”

“கொஞ்சம் பொறும்மா. கப்பல் கிளம்பிடுச்சு.”

கப்பல் வரவில்லை. காய்ச்சல் வந்தது. எனக்குத்தான். உள்ளறையில் என்னைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினாள். மூச்சு வாங்கியபோது, கூரையில்லாத ஒரு வீட்டை இவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன். தலையணையில் முகம் புதைத்து அழுதேன். அழுது முடித்து, போனில் கம்பி விலை பார்த்தேன். ஏறியிருந்தது.

அவளாலும் வாசலைத் தாண்ட முடியாதுதான். ஆனால் அவள் கையிலும் ஒரு போன் இருந்தது. அதில் அவள் விலை பார்க்கவில்லை. கம்பிக் கடைக்குப் பேசினாள், மேஸ்திரிக்குப் பேசினாள், வங்கியில் சும்மா கிடந்த பணத்தை அனுப்பினாள். நான் தேறி, தள்ளாடித் தள்ளாடிப் போய்ப் பார்த்தபோது, புதுத் தளத்தின்மேல், கான்கிரீட் இறுகுவதற்காக, தண்ணீர் கட்டி நின்றது.

பிழைத்து வந்தவன் கேட்ட முதல் கேள்வி: “கம்பி என்ன விலைக்கு வாங்கின?”

“மழைக்கு முன்னாடி இருந்த விலைக்கு,” என்றாள்.

குடிபுகுந்தோம். மழை கொட்டியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்போதுதான், என் வாழ்நாளின் பொன்னான அந்தக் காலையில், கம்பி விலை இறங்கியது.

“பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்ல?” தளத்துக்கு அடியில், நனையாமல் நின்றுகொண்டு கத்தினேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சந்தோஷம். அப்ப சுற்றுச்சுவருக்குக் கம்பி இன்னைக்கே சொல்லிடவா?”

“அவசரப்படாத. இப்பத்தானே இறங்க ஆரம்பிச்சிருக்கு.”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நீங்களும் எதையோ ஒன்றை ‘கொஞ்சம் இறங்கட்டும்’ என்று ஒத்திப்போட்டுவிட்டுத்தானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்? நடுவில் ஒருமுறை போனைத் துழாவியதையும் கவனித்தேன். கூச்சப்படாமல் ஒருநாள் என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து விலை பார்க்கலாம். எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் நுழையலாம். சுற்றுச்சுவர் இன்னும் கட்டவில்லை.