இழுவை வீட்டுக்கு நான் போட்ட கிரீஸ்

ராசிபுரம்,
புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சிவக்குமார் அவர்களுக்கு மாமனார் சென்னியப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். ஒரு வாரமாகச் சளி பிடித்து எனக்கு மூக்கு அடைத்துக் கிடப்பதைத் தவிர வேறு குறையில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நீங்களும் சௌந்தர்யாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் அவள் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை ஏற்காடு போவதற்காக, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் அந்தக் குட்டி வீட்டை நம் களத்தில் விட்டுப் போனீர்கள். "பேரிங்கை ஒர்க்‌ஷாப்ல பாத்துக்கலாங்க மாமா" என்றும் சொன்னீர்கள். மலையேறப் போவது என் மகள். அடுத்தவர் கையில் விட எனக்கு மனம் வரவில்லை. நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் கண்ணுசாமியிடம் முறையைக் கேட்டு, மஞ்சள் கிரீஸும் வாங்கி வந்தேன். அதையும் நம் நெய்க்கடை டப்பாவைக் கொண்டுபோய்த்தான் வாங்கினேன். அடுத்தவர் டப்பாவை நான் என்றைக்கு நம்பினேன்? வந்து அலமாரியில் வைத்துவிட்டு, நேற்று ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்து மூடியைத் தட்டி எடுத்து, பின்னை உருவி, நட்டைக் கழற்றி, பேரிங்கை டீசலில் கழுவித் துடைத்து, டப்பாவிலிருந்து அள்ளி உள்ளங்கையில் வைத்து அமுக்கி அமுக்கி அடைச்சேன் பாருங்க, கையெல்லாம் வழுவழுன்னு ஆயிருச்சு, சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினா நிக்கவே மாட்டேங்குது. அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை வந்து, "ஏனுங்க, பணியாரம் சுட்ட வாசம் வருதுங்களே" என்றாள். பக்கத்து ஊட்டு அடுப்பாயிருக்கும் என்று அனுப்பிவிட்டேன். காலையிலிருந்து ஒரு தெருநாய் சக்கரத்தை விட்டு நகரவில்லை. காவலுக்கு வந்த சீவன் என்று அதற்குப் பால் ஊற்றச் சொன்னேன்.

பயணத்துக்கு உங்கள் அம்மா மைசூர்பாகு கிளறப் போகிறார்களாமே. அத்தை இன்று காலை அலமாரியிலிருந்து ஒரு டப்பா நெய்யை எடுத்து, சேலம் போன நம் கடைப் பையன் மாதேஷிடம் கொடுத்துச் சூரமங்கலத்தில் உங்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஆஞ்சநேயர் உங்கள் இருவரையும் பார்த்துக்கொள்வார். பேரிங்கை நான் பார்த்துக்கொண்டேன். தைரியமாகப் புறப்படுங்கள்.

அன்பும் ஆசியும்,
சென்னியப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மூக்கு திறந்துகொண்டது. களத்தில் நம் கடை முதல்தர நெய் மணக்கிறது. வண்டியை மீண்டும் கழற்றக் கண்ணுசாமி வந்துகொண்டிருக்கிறார். தபாலை நம்பாமல் இதை அப்படியே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். உடனே உங்கள் அம்மாவைக் கூப்பிட்டு அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள். சம்பந்தியம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளை கிளறி முடித்திருந்தால் கொட்டிவிட வேண்டாங்க. எடுத்து வாங்க, சக்கரத்துக்கு ஆகும்.