ரத்தம் சொன்ன பலன்

"இப்போ கிட்னிக்கு ஒரு குழப்பமும் இல்லை. பக்ஷே, ரத்தத்தில உள்ள இந்த மார்க்கர் கூடுதலாணு. இது கூடினா, சில வருஷம் கழிஞ்சு கிட்னி கெடும். மதுரம் தொடவே கூடாது, கேட்டோ?" என்றாள் டாக்டர் ஸ்மிதா சேஷனிடம், மலையாளம் கலந்த தமிழில்.

பழைய கோட்டைக்குள் இருந்த அக்ரகாரத்து வீட்டுக்குள் நுழைந்ததும் சீதாலக்ஷ்மி கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா, இன்னும் வராத வியாதியை ரத்தத்தைப் பார்த்தே சொல்லிட்டாளே. இது ஜோசியம்தானே?"

"அசடு! இது சயன்ஸ்," என்றார் சேஷன்.

"எதுவா இருந்தா என்ன? பலன் சொன்னா பரிகாரம்னு ஒண்ணு இருக்குமோல்லியோ? நாளைக்கே ஜோசியரைப் பார்த்துட்டு வரேன்."

சேஷன் தலையில் அடித்துக்கொண்டார். மூடநம்பிக்கையைப் பற்றி அன்றைக்குச் சாப்பாட்டோடு ஒரு பிரசங்கமும் நடந்தது.

மறுநாள் ஜோசியர் சேஷனின் கட்டத்தைப் பார்த்துக் கண்ணை மூடினார். "சுக்கிரன் சரியில்லை, மாமி. ஞாயித்துக்கிழமைதோறும் பகவானுக்குப் பால்பாயசம். பிரசாதத்தை மாமா சாப்பிடணும். ஒரு சொட்டு வீணாகப்படாது."

"எனக்கு வேண்டாம்! டாக்டர் என்ன சொன்னா?" என்று ஞாயிற்றுக்கிழமை பாயச டம்ளரைப் பார்த்ததும் துள்ளினார் சேஷன்.

"பிரசாதத்துல ஏது சர்க்கரை? கண்ணை மூடிண்டு குடிங்கோ." கஷாயம் புகட்டுவதுபோல் டம்ளரை அவளே பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தைச் சுளித்தபடி கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

மறுநாள் காலை விரலைக் குத்தி மீட்டரில் பார்த்தால் சர்க்கரை ஏறியிருந்தது. பகவானுக்கு இது போதவில்லை என்று வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக்கொண்டாள். இன்னும் ஏறியது. சர்க்கரைதானே வினை என்று வெல்லம் போட்ட கடும்பாயசத்துக்கு மாறினாள். மீட்டர் மசியவில்லை. அக்கம்பக்கத்தில் பாதியைக் கொடுத்துப் பார்த்தாள். அந்தத் தெருவில் மீட்டர் இல்லாத வீடே கிடையாது. கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார்கள். அதுவும் சேஷன் தலையில்தான் விழுந்தது. மனசு கேட்காமல், தன் காப்பியில் சர்க்கரையை நிறுத்திக்கொண்டாள் சீதாலக்ஷ்மி.

"உனக்காகத்தான் சகிச்சுக்கறேன், சீதா," என்றார் அவர், வாயைத் துடைத்தபடி.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினாள். "இது எந்தாணு அம்மா, மார்க்கர் பின்னையும் கூடியிருக்கே! வீட்டில என்ன கொடுக்கறீங்க?"

சீதாலக்ஷ்மிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரை வீட்டில் விட்டுவிட்டு நேரே ஜோசியர் வாசலில் போய் நின்றாள்.

"அவருக்கு ஏதாவது ஆச்சோ, உங்களைச் சும்மா விடமாட்டேன்! வெத்தலை மாலையோ, வடை மாலையோ, உடனே மாத்திச் சொல்லுங்கோ. பாயசம் மட்டும் வேண்டாம்!"

ஜோசியர் நெளிந்தார்.

"நான் வடை மாலைதான் சொல்றதா இருந்தேன், மாமி. நீங்க வர்றதுக்கு முதல் நாள் சாயங்காலமே மாமா வந்து, பால்பாயசம்னே சொல்லணும்னு என் கையைப் பிடிச்சுண்டு கெஞ்சினாரே!"