பென்சில் நிற்காத காது

ஆபரேஷன் நடந்தது. ஆள்தான் மாறிப்போனது.

காது விரிந்து நிற்கிறதே என்று அழுதவள் என் மகள் ரெனி. கீறித் தைத்தது எனக்கு.

அவள் காது என் காதுதான். நான் கொடுத்தது. சாலைக் கடைத்தெருவில் எனக்கு இரும்புக்கடை. அங்கே தொங்குகிற இரண்டு பிடி வைத்த சட்டியைப் பார்த்தால் என்னைப் பார்க்க வேண்டாம். அதனால் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. வலது காதில் பென்சில் வைத்தால் குனிந்தாலும் விழாது, தும்மினாலும் விழாது.

ரெனியும் சின்ன வயதில் என் தோளில் ஏறி, இந்த இரண்டு பிடியையும் பிடித்துக்கொண்டுதான் சங்குமுகம் கடற்கரையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடம் போனாள். 'ஆனச்செவி' என்றார்கள், யானைக்காதாம். அன்றைக்குக் காதின் மேல் இறக்கிவிட்ட முடியை அப்புறம் தூக்கவே இல்லை.

இப்போது கல்யாணப் பேச்சு. எங்கள் சபையில் மணப்பெண் முடியை இழுத்துக் கட்டி, கிரீடம் வைத்து, தலையில் நெட் துணி போட்டுத்தான் ஆலயத்துக்குள் வரவேண்டும். காது வெளியே நிற்கும். சபை மொத்தமும் பார்க்கும். வீடியோக்காரன் வேறு பக்கத்தில் வந்து எடுப்பான்.

"காதை ஒட்டவைக்காம நெட் வைக்க மாட்டேன். கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள் ரெனி.

நானும் முடிவு செய்தேன். என் உயிர் இருக்கிறவரை என் மகள் காதில் கத்தி படாது. என் வீட்டில் முடிவு செய்வது எப்போதும் நான்தான். நடப்பது வேறு.

"சரசம்மா, இது நடக்காது."

"பின்ன, பிள்ளை இப்படியே இருக்கட்டுமா?" என்றாள் என் மனைவி.

"காதுல என்ன குறை? எனக்கும் அதே காதுதானே. நான் வாழல்லியா?"

"வாழ்ந்தீங்க. கூட வாழ்ந்தவகிட்ட யாரு கேட்டா?"

"கத்தி வைக்கிறது வெளையாட்டா?"

"நிசாரம், சின்னக் காரியம். டாக்டர்கிட்ட கேட்டாச்சு."

"அவ்வளவு நிசாரம்னா முதல்ல எனக்குச் செய்யட்டும். அப்புறம் அவளுக்கு."

"உங்களுக்கா? ஊசியைக் கண்டா கட்டிலுக்கு அடியில போற ஆளு!"

"யாரு போனா?"

"நாய் கடிச்சப்போ போனது யாரு, நாயா?"

"சொன்னா சொன்னதுதான். முதல்ல எனக்கு!"

"ரெனி, அப்பா சொன்னது கேட்டியா? நாளைக்கு மாத்திச் சொல்லப்படாது."

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அறுபது தாண்டியவனை எந்த டாக்டரும் விரட்டிவிடுவார். விரட்டாவிட்டால் என் சர்க்கரை வியாதி காப்பாற்றும். எனக்குப் பண்ணாமல் ரெனிக்குப் பண்ண முடியாது. என் சொல் அப்படி.

ஒரு மாதம் கழித்து டாக்டர் அனந்தபத்மநாபன் என் காதைச் சப்பாத்தி மாதிரி மடக்கிப் பார்த்தார்.

"இந்த வயசுல செய்யக்கூடாதுல்லா டாக்டர்?"

"ஆரு சொன்னா? குழந்தைகளைத்தான் மயக்கணும். பெரியவங்களுக்குக் காது மட்டும் மரத்தாப் போதும். பின்னால கீறி, குருத்தெலும்பை மடக்கித் தச்சிடலாம். சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். பேடிக்கண்டா."

"பயமில்லை. சுகர் இருக்கு. அதான்."

ரத்தம் எடுத்தார்கள். சுகர் சரியாக இருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக.

ஒரு மாதமாக என் சாயாவில் சீனி ஏன் இல்லை என்று அந்த நாற்காலியில்தான் புரிந்தது. சரசம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததைச் சொல்ல மாட்டேன். என் காதைத் தைக்கிற சத்தம் என் காதுக்கே கேட்டது. போதும்.

தலையைச் சுற்றிக் கட்டோடு கடைக்குப் போனேன். பக்கத்து அரிசிக்கடைக் கோலப்பன் இறங்கி வந்தான்.

"ஓய் நேசமணி, சரசம்மா கையில என்னவே இருந்தது?"

"ஆபரேஷன்வே! காதுல ஆபரேஷன்!"

"ஆமா, ஆமா. அப்படித்தான் சொல்லணும்."

சாலைக் கடைத்தெரு முழுவதும் அவனைத்தான் நம்பியது. ஆணி வாங்க வந்தவன்கூட என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, ஆணி வாங்காமல் போனான்.

கட்டு பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். பிடி கழன்ற சட்டி ஒன்று என்னைப் பார்த்தது. பென்சிலைக் காதில் வைத்தேன். விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது.

ரெனி அதை எடுத்துக் கொடுத்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"அப்பா, உங்களைக் காணல்லியே."

"இங்கதானே நிக்கேன்."

"இல்ல. எங்கப்பாவைக் காணல்ல."

அவள் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடி முன்னால் போய் முடியைத் தூக்கினாள். இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தாள்.

"இனி இது என்கிட்ட மட்டும்தான் இருக்கு. எந்த டாக்டரும் தொடவேண்டாம்."

பாறசாலையிலிருந்து ஜெயன் பெண் பார்க்க வந்தான். ரெனி முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, காது இரண்டும் முன்னே வர, சாயாவோடு வந்தாள்.

"பிள்ளைக்கு இந்தக் காது ஆர்கிட்டருந்து?" என்றாள் ஜெயனின் அம்மா. என்னைப் பார்த்தாள். சரசம்மாவைப் பார்த்தாள். மறுபடி என்னை. என் தலையில் ஒரு சாட்சியும் இல்லை.

சரசம்மா எழுந்துபோய், சுவரில் இருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றி அந்த அம்மாள் மடியில் வைத்தாள்.

ஜெயன் எட்டிப் பார்த்தான். "இது நல்லாத்தானே இருந்தது மாமா? எதுக்கு மாத்தினீங்க?"

ரெனி சிரித்தாள். அவனும் சிரித்தான். சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"டாக்டர்கிட்ட ரெனிக்கு வேண்டாம்னு சொல்லியாச்சா?" என்று சரசம்மாவைக் கேட்டேன்.

"அவளுக்குன்னு எப்ப சொன்னேன்? என் பிள்ளை காதில கத்தி வைக்க நான் விடுவேனா?"

"நீதானே நிசாரம்னு..."

"நான் எவ்வளவு சொல்லியும் அவ கேக்கல்ல. அந்தக் காது இல்லாம உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்தா மனசு மாறும்னு தோணிச்சு."

"அப்ப என் காது?"

"உங்களுக்குத்தான் கல்யாணம் ஆயாச்சே."

இப்போது என் பென்சிலில் நூல் கட்டி, சின்னப் பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி என் கழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறாள். விழுவதில்லை. எல்லாவற்றையும் சரியாக்கிவிட்டாள் சரசம்மா.