பை சொல்ல மறுக்கும் சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்களுக்குக் கோபம் வரவழைக்கும் எந்தத் திருநாமத்தையும் தாளின் தலையில் எழுதாமல் தொடங்குகிறேன். இங்கு நான், அவர், பிள்ளைகள் எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்றுதான் சொல்வீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம் "பைன்னா என்ன பாப்பா அர்த்தம்?" என்று கேட்டது நீங்கள்தான். அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவளிடம் கேட்டால் சும்மா இருப்பேனா? ஆங்கிலேயர்கள் விடைபெறும்போது சொன்ன 'காட் பி வித் யூ', அதாவது கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்கிற வாழ்த்து, வாய்க்கு வாய் தேய்ந்து, 'குட் நைட்' போன்றவற்றின் சகவாசத்தில் 'காட்' போய் 'குட்' வந்து, குட்பை ஆகி, கடைசியில் வால் மட்டும் மிஞ்சியது என்றேன். பிறகு, "அறுபது வருஷமா அந்த ஆளை வாசல்லயே நிறுத்தி வெச்சிருந்தேன். போன் வழியா நானே உள்ள விட்டிருக்கேனா?" என்றீர்கள்.

"இப்போ யாரும் அதை நினைச்சுச் சொல்றதில்ல சித்தப்பா."

"தெரியாம சொன்னா பழக்கம். தெரிஞ்சப்புறம் சொன்னா பிரார்த்தனை."

அன்றோடு பை போயிற்று.

போகட்டும். ஆனால் முன்பு நம் பேச்சு எப்படி இருக்கும்? 'நல்லாயிருக்கியா? நல்லாயிருக்கேன். பை.' நீங்கள் பழுது பார்த்த லிஃப்டுகளின் கதவு மாதிரி டப்பென்று மூடிக்கொள்ளும். இப்போது முடிப்பதாக நினைத்துக்கொண்டு "அப்புறம்?" என்கிறீர்கள், அது எங்கே முடிகிறது, தொடரத்தான் செய்கிறது, "வெச்சிடறேன்னு சொல்லுங்களேன்" என்றால் "நான் முந்திக்கிட்ட மாதிரி இருக்கும், நீ வை" என்கிறீர்கள், பெரியவர் பேச்சை நான் எப்படி வெட்டுவது, அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது, பஸ்ஸில் நான் இறங்கவேண்டிய இடம் தாண்டி டிப்போவரைக்கும் போனேன், அலுவலகத்தில் மேலதிகாரி என் மேஜைக்கு வந்து நின்றால் நீங்கள் போனுக்குள்ளிருந்தே எங்கள் லிஃப்ட் சத்தத்தைக் கேட்டுவிட்டு "பேரிங் போச்சு, ஏறாதீங்க" என்று கத்துகிறீர்கள், மேலதிகாரி இப்போது மாடிப்படியில்தான் வருகிறார். "உங்க சித்தப்பா லைன்ல இருக்காரா, இல்ல நம்ம வீட்டுலயே இருக்காரா?" என்று வீட்டில் இவர் கேட்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை போனை வைக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியேறினீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைத்த மனிதர் லிஃப்ட் இல்லாத வீட்டின் மூன்றாம் மாடியில் இருக்கிறீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றீர்கள். மூச்சு இரைத்தது. கீழ்வீட்டு அம்மா, "இன்னும் டாக்டர்கிட்ட போகலியா?" என்றார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, பயந்துடுவா" என்றீர்கள்.

நான் உங்கள் அண்ணன் மகள். பொண்ணு என்றீர்கள்.

மேலே போய் போனை எடுத்து, "அப்புறம் பாப்பா? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றீர்கள். நானும் "சரி சித்தப்பா" என்றேன்.

ஆகவே, பேச்சை முடிக்க ஏதாவது ஒரு சொல்லுக்குத் தயவுசெய்து சம்மதியுங்கள். சாமி கலக்காத சொல்லாக நானே அகராதியில் தேடித் தருகிறேன். வேலைக்குப் போகிறவள் இப்படி நாளெல்லாம் போனும் கையுமாக இருந்தால் தாங்காது.

உங்கள் ஆசியை அனுப்புங்கள். அதை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டாம். உங்களுடையதே போதும்.

இப்படிக்கு,
பாப்பா

பின்குறிப்பு: மேலே கேட்டது எதுவும் வேண்டாம். பை சொல்லாதீர்கள், பால் பொங்கினால் பொங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறோம். முதலில் டாக்டர், அப்புறம் நம் வீட்டுக் கீழறை. படியே கிடையாது, கட்டில் போட்டாயிற்று. முன்பெல்லாம் இந்தப் பேச்சை எடுத்தாலே பை சொல்லி வைத்துவிடுவீர்கள். இப்போது உங்களுக்கு அந்த வழி இல்லை.