செங்கல்லுக்கு இருநூறு கிராம்

ஊதல் ஐயா வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் அந்தக் குடியிருப்பில் நோஞ்சான் குழந்தை ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டது. காகிதத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை விடிந்தால் மூடிக்கிடந்த கிடங்கின் வாசலில் வரிசை நிற்கும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று அம்மாக்கள். ஐயா குழந்தையின் உச்சந்தலையில் மூன்று முறை ஊதுவார். இடுப்புக் கயிற்றில் கட்டைவிரல் பருமனில் ஒரு செம்புக் குழலைக் கட்டுவார். ஒரு நாள் கூலியை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். மாதம் ஒரு குழல். கழற்றக் கூடாது, திறக்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. தொழிலின் உயிர்நாடி மூன்றாவது விதிதான்.

அடுத்த மாதம் அதே குழந்தையைத் துணித் தொட்டிலில் போட்டு, எல்லோர் கண்ணெதிரிலும் தராசுக் கொக்கியில் மாட்டுவார். இருநூறு கிராம் ஏறியிருக்கும். கூட்டம் வாய் பிளக்கும். குழந்தை தேறாவிட்டாலும் இடுப்பு மட்டும் கனத்துக்கொண்டே வந்தது. யாருக்கு எத்தனை குழல் என்பது குழாயடியில் பெருமைப் பேச்சாகவே ஆகிவிட்டது.

இதில் கிலோ அக்காவுக்கும் பங்கு உண்டு. அவள் அந்த வட்டாரத்துக் குழந்தைகள் நலப் பணியாளர். ஒரு தராசு, கையளக்கும் பட்டை, பச்சை மஞ்சள் சிவப்பு போட்ட எடை அட்டைகள். இவைதான் அவள் ஆயுதம். வாயும் ஆயுதம்தான். "ஆறரை. சிவப்பு. என்னத்தம்மா குடுக்குற பிள்ளைக்கு?" என்று இருபது பேர் காதில் விழக் கேட்பாள். அப்படிக் கேட்டால் எவள் திரும்பி வருவாள்? ஐயா திட்டுவதில்லை. "பாவம், யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்பார். குற்றம் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரியுடையது. கேட்கவே இதமாக இருக்கும்.

குழல் கட்டிய பிறகு அம்மாக்கள் நிமிர்ந்த தலையோடு கிலோ அக்காவிடம் வந்தார்கள். உடுப்பு, நகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் எடை போட வேண்டும் என்பது சட்டம். முதல் மாதம் குழலைக் கழற்றச் சொல்லி மல்லுக்கு நின்றாள். இரண்டாம் மாதம் மேலதிகாரி கூப்பிட்டு, "உங்க வட்டாரம் முழுக்கப் பச்சையா இருக்கே, எப்படிம்மா?" என்று குழைந்தார். மூன்றாம் மாதம் பாராட்டுப் பத்திரம் வந்தது. அதற்குப் பிறகு சட்டம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. எல்லாக் குழந்தையும் சொல்லிவைத்தாற்போல் இருநூறு இருநூறாக ஏற, அவை என்ன அச்சில் வார்த்த சோப்பா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அன்று செவ்வாய். மளிகைக் கடையில் பொட்டலம் போடும் பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்தாள். ஒரு வயதுப் பெண் குழந்தை பாயில் கிடந்தது. நாலு நாளாக வயிற்றுப்போக்கு. மூக்கில் ஈ உட்கார்ந்தும் கை அசையவில்லை. அட்டையில் ஏழு கிலோ நூறு, பச்சை. எழுதியது கிலோ அக்காவேதான். கையளக்கும் பட்டையைச் சுற்றினாள். சிவப்பு. கையில் யாரும் குழல் கட்டியிருக்கவில்லையே.

உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டிக்கொண்டே சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. இப்பவே."

"ஐயாகிட்டதான்க்கா கிளம்பிட்டிருக்கேன். நாலாவது குழல் கட்டினா சரியாயிடும்."

"அந்த மூணையும் கழட்டு. நான் திரும்ப எடை போடுறேன்."

"கழட்டினா மூச்சு நின்னுடும்னு சொல்லியிருக்கார். எடை ஏறிட்டுதானேக்கா இருக்கு? நீங்களே பச்சைன்னு எழுதியிருக்கீங்க."

கிலோ அக்கா ஸ்பூனை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். கையைப் பிடித்து இழுத்தால் அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வந்தாள். எதிர்வீட்டில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். குவியலிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்தாள். தோளில் கிடந்த துண்டில் தலை முதல் கால் வரை சுற்றினாள். செங்கல்லுக்குத் தலையேது, காலேது. இருந்தாலும் சுற்றினாள்.

கிடங்கு வாசலில் அவளைப் பார்த்ததும் ஐயாவுக்கு வாயெல்லாம் பல். "பாருங்க, அரசாங்கமே நம்மகிட்ட வந்திருக்கு. வழி விடுங்க."

"என் தம்பியோட பிள்ளை ஐயா. பிறந்து ஒரு வாரம்."

"முகத்தைத் திறக்காதே. ரெண்டாவது கண்ணு பட்டுடும்." மூட்டையைக் கொக்கியில் மாட்டினார். "மூணு கிலோ." கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை ஊதினார். "பால் இறங்கல. சரியா?"

"ஒரு சொட்டுகூட இறங்கலைங்க."

"அழக்கூடத் தெம்பில்ல."

"சத்தமே வரலைங்க ஐயா."

"கொள்ளிக்கண்ணு. சொந்தத்துல ஒரு பொம்பள." குழலைக் கட்டினார். "அடுத்த மாசம் வா, இருநூறு ஏறியிருக்கும்."

"அடுத்த மாசம் எதுக்கு? இப்பவே போடுங்களேன்." அவர் கை நீளுவதற்குள் அவளே கொக்கியில் மாட்டினாள். முள் மூன்று கிலோ இருநூறில் நின்றது.

கூட்டம் கைதட்டியது. நிமிஷத்தில் இருநூறு கிராம். ஐயாவுக்கே இது புதுசு.

அவள் துண்டைப் பிரித்தாள்.

கைதட்டல் பாதியில் நின்றது. ஐயா மட்டும் சளைக்கவில்லை. "செங்கல்லும் மண்ணுதான். மண்ணுக்கும் உயிர் இருக்கு."

"அப்ப ஒரு வாய் பால் குடுங்க ஐயா" என்றது பின்வரிசை.

கூட்டத்தில் நின்ற சைக்கிள் பழுது பார்ப்பவர் குழலை வாங்கிக் குறட்டால் மூடியைப் பிடுங்கினார். உள்ளே மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. ஈயக்கட்டி ஒன்று தரையில் விழுந்தது.

"ஈயம் விஷம். அதைத்தான் பச்சைப் பிள்ளைங்க இடுப்புல கட்டியிருக்கோம்" என்றாள் கிலோ அக்கா. ஐயா தராசைக் கழற்றப் போனார். யாரும் வழி விடவில்லை.

பொட்டலம் போடும் பெண் குழந்தையோடு முன்னால் வந்தாள். அவள் பார்வை ஐயாவின் பக்கம் போகவே இல்லை. "அவர் திருடன், சரி. நீங்க எப்படிக்கா பச்சைன்னு எழுதினீங்க?"

"எனக்குப் பாராட்டு வேண்டியிருந்துச்சு. அதுக்காகக் கண்ணை மூடிட்டு எழுதினேன். தப்பு என்னுதும்தான்."

அந்தப் பெண் குழந்தையின் இடுப்புக்குக் குனிந்தாள். கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். மூன்று குழல்களும் உருண்டன. குழந்தையின் மூச்சு நிற்கவில்லை. எடை ஆறரை. மூன்று மாதத்தில் ஒரு கிராம்கூட ஏறியிருக்கவில்லை. ஏழை வீட்டில் ஈயம் மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது.

சைக்கிள்காரர் வண்டி பிடித்துவந்தார். குழந்தையும் தாயும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்றவர்கள் கயிறுகளை அறுத்துவிட்டுக் கிலோ அக்கா முன்னால் வரிசை கட்டினார்கள். இந்த முறை அவள் ஒவ்வொரு எடையையும் அந்தந்த அம்மாவின் காதோடு சொன்னாள். "நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்" என்றும் சொன்னாள்.

ஒரு பெரியவர் மட்டும் செங்கல்லைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, ஊதின கல்லாச்சே. வீட்டு மூலையில வச்சா ஏதும் நல்லது நடக்குமா?"

"செங்கல்லுக்கு யோசிக்கத் தெரியாது பெரியவரே. அதனால யார் என்ன கட்டினாலும் பேசாம கிடக்குது. நமக்கு என்ன கேடு?"